மீட்டர்காரர் வண்ணம் பூசாமல் விட்ட இடம்

"ரிட்டயர் ஆன வயசுல உங்களுக்குப் பொம்பள கேக்குதா?"

"மெதுவாப் பேசு. எதிர்வீட்டுல காது வெச்சுக்கிட்டு இருப்பாங்க."

"வெச்சுக்கட்டுமே. அவங்களுக்குத் தெரியாம இந்த மாடியில எது நடந்திருக்கு, இது மட்டும் தெரியாம போக?"

உண்மைதான். நான் காது வைத்துக்கொண்டுதான் இருந்தேன். சங்கிலியைக் கழற்றாமல், கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்திருந்தேன். அவ்வளவு இடைவெளி போதும். கேட்கவேண்டியது எல்லாம் கேட்கும்.

"யாருன்னு சொல்லுங்க. பேருகூட வேணாம்."

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதவளையா இத்தனை தாள்ல வரைஞ்சு வெச்சிருக்கீங்க?"

"வரையல. விட்டிருக்கேன்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டுக் கதைகள் நான் நிறையச் சொல்லியிருக்கிறேன். கண், காது, மூக்கு எல்லாம் வைத்துத்தான் சொல்வேன். வைக்காவிட்டால் கேட்பவர்களுக்குச் சப்பென்று இருக்கும். ஆனால் இதற்கு நான் எதுவும் வைக்கவில்லை. நடந்தது நடந்தபடி. இதில் வருகிற ஆளுக்குக் கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. காது மட்டும் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர் பேச்சைக் கேட்பதற்குச் சம்பளம் வாங்கியவள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு நான் மட்டும்தான். மூன்றாவது மாடியில் எதிரெதிரே இரண்டு வீடு. ஒன்று என்னுடையது. இன்னொன்று மீட்டர்காரருடையது. லிஃப்ட் என்று ஒன்று உண்டு. அதில் ஒட்டிய 'பழுது' என்ற தாள்தான் பழுதாகி, இரண்டு முறை புதிதாக ஒட்டியிருக்கிறார்கள்.

எல்லோரும் என்னை டெலிபோன் அக்கா என்பார்கள். நான் எல்லோர் வீட்டுக்கும் போவேன். சமையலறைவரை போவேன். என் வீட்டுக்குள் மட்டும் யாரையும் விடுவதில்லை. பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அலுப்புதான். அவர் போன பிறகு கூட்டிப் பெருக்கி எடுத்து வைக்க உடம்பு வணங்கவில்லை. பழைய செய்தித்தாள்கள் அவருடைய பிரம்பு நாற்காலியில் என் நெஞ்சு உயரத்துக்கு ஏறிவிட்டன. சுவர்க் கடிகாரம் நின்றுபோய், கீழே இறக்கி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன். இதையெல்லாம் நாலு பேர் பார்த்து நாலு விதமாகப் பேசவேண்டுமா? பேசுவது என் வேலை.

மீட்டர்காரர் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவர். வாழ்நாள் முழுக்கப் படி ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஓய்வு பெற்ற முதல் மாதம் மனிதர் வீட்டில் செய்த அட்டகாசம் கொஞ்சமல்ல. டப்பா மூடிகளை அளவு வாரியாக அடுக்கினார். சாதம் வேகும்போது பக்கத்தில் நின்று, "இப்ப இறக்கலாமே" என்றார். ஃபிரிட்ஜைத் திறந்தால் மூடச் சொன்னார். அவர் மனைவி, நான் மீட்டரம்மா என்று கூப்பிடுவேன், தினமும் மூன்று மணிக்கு என்னிடம் வந்து புலம்புவாள். உள்ளே கூப்பிடாமல், நான் அவள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கேட்பேன்.

கடைசியில் அவர்கள் மகள்தான் ஒரு வாட்டர் கலர் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். "அப்பாவை எங்கயாவது உக்கார வெச்சுருங்கம்மா, நீங்க பொழைச்சுக்குவீங்க."

முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்னையும் மீட்டரம்மாவையும் சோஃபாவில் உட்காரவைத்து, ஹாலை வரைய ஆரம்பித்தார். பென்சிலில் எங்கள் இரண்டு பேரையும் போட்டுக் காட்டினார். இரண்டு கத்தரிக்காய். ஒன்று கொஞ்சம் முற்றியது.

"இதுல நான் யாரு சார்?" என்றேன்.

"ஆளு எனக்கு வரலக்கா." அழித்துவிட்டார். "ஆளு இருக்குற இடத்தை அப்படியே வெள்ளையா விட்டுடுறேன். சுத்திதான் கலர் அடிக்கப்போறேன்."

"அப்புறம் வெள்ளை அடிச்சுக்கலாமே?"

"இந்தப் பெட்டியில வெள்ளையே கிடையாதுக்கா. வெள்ளை வேணும்னா தாளை விட்டு வைக்கணும். ஒரு தடவை கலர் பட்டுச்சு, போச்சு. திரும்ப வராது."

அன்று சாயங்காலம், நான் கிளம்பிய பிறகு, மகள் அந்தப் படத்தை ஈரம் காய்வதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பாவின் முதல் படமாம். முடித்த படத்தை நான் பார்க்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அவர் வெளியே எங்கும் போகவில்லை. முழங்கால் விடவில்லை. மாடிப்படி ஜன்னலிலிருந்து வெளிச்சம் நன்றாக வருகிறது என்று வாசல் கதவைத் திறந்து வைத்து, உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். மடியில் பலகை. பக்கத்து ஸ்டூலில் ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு கிளாஸ் டீ. பிரஷை டீயில் நனைப்பார். பிறகு பிரஷ் கழுவிய தண்ணீரை எடுத்து ஒரு மடக்குக் குடிப்பார். முகம் சுளித்து, "சர்க்கரை போடலையா?" என்பார். எதிரே தெரிவது என் நீலக் கதவு, செருப்பு ஸ்டாண்டு, வாடிப்போன ஒரு பூந்தொட்டி. தினமும் அதையேதான் வரைந்தார்.

சரி, தொல்லை விட்டது என்று மீட்டரம்மாவும் நிம்மதியாக இருந்தாள். படங்களை அடுக்கி வைக்கப் போனபோதுதான் சண்டை வெடித்தது.

அந்தச் சண்டைதான் நான் முதலில் சொன்னது.

அடுத்த நிமிஷம் மீட்டரம்மா தாள்களை அள்ளிக்கொண்டு என் கதவுக்கு வந்துவிட்டாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் செருப்பு ஸ்டாண்டின் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினாள்.

"பாருங்கக்கா. எல்லாம் உங்க கதவு. எல்லாத்துலயும் உங்க கதவுகிட்ட ஒருத்தி. ஒண்ணு அது நீங்க. இல்ல, உங்க வீட்டுக்கு வர்றவ. ரெண்டுல எதுன்னு சொல்லிருங்க. நான் பெட்டி கட்டிட்டேன். மக வீட்டுக்குப் போறேன். போனா வரமாட்டேன்."

குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. இத்தனை வருஷம் ஒரே ஆளோடு இருந்துவிட்டு, கடைசியில் இப்படியா என்ற களைப்பு. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாசலுக்குள் பெட்டி தெரிந்தது. மேலே குடை கூட வைத்திருந்தாள்.

நான் படங்களைப் பார்த்தேன்.

நீலக் கதவு. சாம்பல் சுவர். தொட்டி. கதவை ஒட்டி, வண்ணம் படாமல், வெறும் தாளாக ஓர் உருவம். தலை. தோள். கணுக்கால் வரை ஏதோ உடை. முகம் என்று எதுவும் இல்லை. கத்தரிக்காய்க்காரர் வரைந்தது போலவே இல்லை. ஓரங்கள் அவ்வளவு துல்லியம்.

"நான் இல்லை இது" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

கதவை ஒட்டி நின்று காட்டினேன். கதவில் பதித்த லென்ஸில் பார்க்க நான் எக்க வேண்டும். படத்தில் இருந்த உருவத்தின் தலை லென்ஸைத் தாண்டி, ஒரு சாண் மேலே இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். எல்லாப் படத்திலும் அந்தத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சில படங்களில் கதவுக்குச் சற்றுத் தள்ளி. சிலவற்றில் கதவின் மீதே.

காது வைத்துக் கேட்பது போல.

எனக்கு அந்த நிற்பு தெரியும். நானே அப்படித்தான் நிற்பேன்.

இரண்டு பேருமாக அவர் முன்னால் போய் நின்றோம். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"சார், இது யாரு?"

"உங்க சொந்தம்னுதானே நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"எனக்கு இங்க யாரு சொந்தம்?"

"தினமும் நிப்பாங்களே. நீங்க எங்க வீட்டுலேர்ந்து போவீங்க. உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவீங்க. அவங்க வெளியவே நிப்பாங்க. பார்க்கப் பாவமா இருக்கும்."

"முகம்?"

"உங்க கதவைப் பார்த்தே நிப்பாங்க. ஒரு நாள் தலையை ஆட்டி வணக்கம் சொன்னேன். திரும்பல. சரி, பெரியவங்க வீட்டு விவகாரம்னு விட்டுட்டேன்."

மீட்டரம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த மூன்று மணி வேளைகளில் அவளும் அதே ஹாலில்தான் இருந்திருக்கிறாள். ஒருநாளும் யாரையும் பார்த்ததில்லை.

"பொய்" என்றாள்.

"பொய்யின்னா நாளைக்கு நீயே பக்கத்துல உக்காந்து பாரு."

அப்படித்தான் முடிவானது. மறுநாள் அவள் அவர் பக்கத்தில் உட்காருவது. நான் உள்ளே என் லென்ஸில் பார்ப்பது. யாரும் வரவில்லை என்றால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நாற்பது வருஷக் குடித்தனம் அன்றோடு சரி.

மறுநாள் மழை மூட்டம். மூன்று மணிக்கே மாடிப்படி மங்கியிருந்தது.

மூன்று பத்துக்கு லென்ஸில் கண்ணை வைத்தேன்.

அவர் தெரிந்தார். அவள் தெரிந்தாள், இன்னொரு ஸ்டூலில், கையைக் கட்டிக்கொண்டு. மடியில் பலகை. அவர் நிமிர்ந்து என் கதவைப் பார்த்தார். குனிந்தார். பிரஷைக் கிளாஸில் தட்டினார்.

டக்... டக்.

எங்களுக்கு நடுவில் யாருமே இல்லை. செருப்பு ஸ்டாண்டு. தொட்டி. அவ்வளவுதான்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பொய்க்காரராகிவிட்டாரே மனிதர். அடுத்த வாரத்துக்குப் பேச விஷயம் கிடைத்தது என்றும் ஓர் ஓரத்தில் தோன்றியது. என் புத்தி அப்படி.

அவர் மறுபடி நிமிர்ந்தார். இந்த முறை நெற்றி சுருங்கியது. என் கதவை அல்ல, கதவுக்கு அந்தப் பக்கம் எதையோ தேடிப் பார்ப்பது போல் எட்டிப் பார்த்தார். பிறகு நிதானமாக வரைய ஆரம்பித்தார்.

டக்... டக்.

மூன்று இருபது இருக்கும்.

என் பின்னால் தாள் சரசரத்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு ஜன்னல் சாத்தியிருப்பது ஞாபகம் வந்தது.

மறுபடி சரசரப்பு. மெதுவாக. ஒரு கட்டுத் தாளை எடுத்துக் கீழே வைப்பது போல. இன்னொரு கட்டு. இன்னொரு கட்டு...

திரும்பிப் பார்க்கவில்லை. லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தால் வெளியே வருவதைத் தவறவிட்டுவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கழுத்து திரும்பவில்லை.

அப்புறம் அந்தச் சத்தம்.

கிரீச்...

பிரம்பு நாற்காலி. என் வீட்டுக்காரர் உட்காரும்போது வருகிற சத்தம். அவர் போனதிலிருந்து நான் கேட்காத சத்தம்.

யாரோ உட்கார்ந்தார்கள்.

நான் மூச்சு விடவில்லை.

பின்னாலும் மூச்சுச் சத்தம் இல்லை.

கவனித்துக் கேட்கிறவர்கள் மூச்சு விடமாட்டார்கள்... எனக்குத் தெரியும்.

தாழ்ப்பாளைத் தேடினேன். விரல் நழுவியது.

திறந்துகொண்டது.

வெளியே பாய்ந்து, எதிர்வீட்டு வாசலில் போய்த்தான் நின்றேன். கால் செருப்பு ஒன்றைக் காணோம்.

"என்னக்கா, என்ன ஆச்சு?" மீட்டரம்மா எழுந்துவிட்டாள். "இங்க ஒருத்தரும் வரல. நான் கண்ணைக்கூடச் சிமிட்டல."

"வரமாட்டாங்க" என்றார் அவர், பிரஷைத் துடைத்துக்கொண்டே. "நேத்தே உள்ள போயிட்டாங்களே."

"நேத்தா?"

"நீங்க சண்டையைக் கேக்கக் கதவை லேசாத் திறந்து வெச்சிருந்தீங்கல்ல. நான் இங்கேர்ந்து பார்த்தேன். அப்பத்தான் உள்ள போனாங்க. அந்தச் சந்துல எப்படிப் போனாங்கன்னு தெரியல. நமக்கென்ன, நாளைக்கு வெளிய வந்துருவாங்கன்னு விட்டுட்டேன். இன்னைக்குதான் நீங்க கதவை நல்லாத் திறந்து போட்டிருந்தீங்களே, உள்ளயே உக்காந்திருந்தாங்க."

"கதவு மூடியிருந்துச்சுங்க" என்றாள் மீட்டரம்மா, மெதுவாக. "நான் பக்கத்துலதானே இருந்தேன். முழுக்க மூடித்தான் இருந்துச்சு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த தாளைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன்.

படத்தில் கதவே இல்லை.

என் ஹால் இருந்தது. அவர் ஒரு நாளும் கால் வைக்காத ஹால். சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்த கடிகாரம். ஜன்னல் திரையில் நான் ஒட்டுப்போட்ட இடம். பிரம்பு நாற்காலி. செய்தித்தாள்கள் நாற்காலியில் இல்லை. பக்கத்தில் தரையில், நேராக அடுக்கியிருந்தன.

இரண்டு வெள்ளை இருந்தது.

ஒன்று குள்ளமாக, வாசலில், எதிலோ கண்ணை வைத்து எக்கி நின்றது. அது நான்.

இன்னொன்று நாற்காலியில்.

என் பக்கம் சாய்ந்து. தலையைச் சரித்து.

தாள் இன்னும் ஈரமாக இருந்தது.

அன்று நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் என் வீட்டுக்குள் போனோம். முதல் தடவையாக ஆட்களை உள்ளே விட்டேன். வீட்டின் கோலத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலி காலி. செய்தித்தாள்கள் தரையில், படத்தில் இருந்தபடி. பிரம்பின் நடுவில் ஒரு பள்ளம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிரம்பு இழை மெல்ல மேலே எழும்பியது... ஆள் எழுந்த பிறகு எழும்புமே, அப்படி.

மீட்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிய பெட்டியை அவள் பிரிக்கவில்லை. அதில் அவருடைய சட்டைகளையும் திணித்தாள். அந்த வாரமே இருவரும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். படி இறங்கும்போது, "என்னை மன்னிச்சுருங்க" என்று அவள் அவரிடம் சொன்னதை நான் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றுதான் கேட்டேன்.

நானும் அங்கே இருக்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு, ஊரின் மறுகோடியில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டேன். நாற்காலியைக் கொண்டுவரவில்லை.

ஒரு மாதம் கழித்து மீட்டரம்மா போன் செய்தாள். அவர் இப்போது பழங்கள் மட்டும் வரைகிறாராம். ஆள் இருக்கிற பக்கமே பலகையைத் திருப்புவதில்லையாம். சுற்றி வளைத்துப் பேசினாள். முப்பது வருஷம் போன் கேட்டவளுக்குத் தெரியாதா? சொல்ல வந்ததை அவள் இன்னும் சொல்லவில்லை.

"சொல்லிரு" என்றேன்.

"அந்த மொதப் படம்க்கா. மக ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கா. நம்ம ரெண்டு பேரையும் சோஃபாவுல உக்கார வெச்சாரே..."

"ஆமா."

"நான் இன்னைக்குத்தான் கிட்டப் போய்ப் பார்த்தேன். சோஃபாவுல ரெண்டு வெள்ளை. நீங்க, நான்."

"சரி."

"மூணாவது ஒண்ணு இருக்குக்கா. உங்க பின்னாடி. குனிஞ்சு நிக்குது... நீங்க பேசுறதைக் கேக்குற மாதிரி."

எங்கள் இருவருக்கும் நடுவில் லைன் சும்மா இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் இன்னொருவர் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எக்ஸ்சேஞ்சில் பழகிய காது. நான் போனை வைத்துவிட்டேன்.

தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டில் எப்போது விளக்கு அணைகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். என்னோடு இருப்பது யார் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.

மீட்டர்காரர் வீட்டை விற்றுவிட்டார்கள். என் பழைய வீடு பூட்டித்தான் கிடக்கிறது. இங்கே பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போன மாதம் கல்யாணம் ஆனது. நல்ல பெண். சிரித்த முகம். வந்த இரண்டாவது நாளே, நானும் அவளும் வாசலில் நின்று அரை மணி நேரம் பேசினோம். நான்தான் பேசினேன்.

மறுநாள் மூன்று மணிக்குக் கதவைத் தட்டினாள். கையில் தட்டு. அதில் டீ.

இரண்டு கிளாஸ்.

"அக்கா, ஆறிடும். ரெண்டு பேரும் குடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யார் வீட்டு விஷயத்தையும் கேட்காமல் விட்டதில்லை நான்.

அதை மட்டும் கேட்கவில்லை.